கைகலப்பில் ஓர் அம்பு

"அவங்க ரெண்டு பேரும் கட்டிப் புரண்டுகினு கீறாங்க. நீ தூரத்துல நின்னு அம்பு வுட்டா யார் மேல வேணா குத்தும்" என்றான் செங்குட்டுவன்.

விம்கோ நகரில் அவன் வீடு. ஞாயிறு மதியம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பேர் பகடை உருட்டி, வாயாலேயே போர் நடத்தும் கதை விளையாட்டு. நடத்துபவன் செங்குட்டுவன். அவன் வேலை பார்க்கும் பெரம்பூர் ரயில்வே பட்டறையில்கூட இத்தனை விதிமுறைப் புத்தகங்கள் இருக்காது.

அம்பு விட வேண்டியவள் வினிதா. விளையாட்டில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ராட்சசனோடு கட்டிப் புரளும் வாள்வீரன் எழிலனுடையவன். இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த வீரன். இன்னும் ஒரு குத்து வாங்கினால் ஆள் காலி.

"உன்ன யாருடா அங்க போவ சொன்னது?" மணி எழிலனை முறைத்தான். "போன ரெண்டு வாரமும் இதே வேல. வினிதா குறி தப்பாம அடிச்சதால பொழச்ச."

"வீரன்னா அப்டிதான் மாமு."

வினிதா பகடையைத் தொடவில்லை. "நான் அம்பே விடலைன்னா?"

"ராட்சசன் எல்லாரையும் துன்னுடுவான்." செங்குட்டுவன் பக்கத்தைப் புரட்டினான். "இருபது முகப் பகடை. பன்னெண்டும் அதுக்கு மேலயும் வுழுந்தா ராட்சசன் காலி. கொறஞ்சா எழிலன் காலி. பாவம், வோணும்னா இந்த ஒரு வாட்டி ரூல வுட்றலாம்."

"வோணாம்" என்றான் எழிலன். "ரூலுன்னா ரூலுதான்."

"சீக்கிரம் உருட்டும்மா" என்றான் மணி. "செத்தவன்தான் டீ வாங்கினு வரணும். மூணு வாரமா எவனும் சாவல. நாக்கு வறண்டு பூட்ச்சு."

வினிதா கண்ணை மூடி உருட்டினாள். பகடை மேசையைத் தாண்டி எழிலனின் நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது. அவன் குனிந்து பார்த்து, கையில் எடுத்துக்கொண்டான்.

"ரெண்டு."



"கீழ வுழுந்தா செல்லாது. திருப்பி உருட்டு" என்றான் செங்குட்டுவன்.

"செல்லும். நாப்பத்தேழாம் பக்கம் பாரு."

பார்த்தார்கள். செல்லும் என்றுதான் இருந்தது.

"தன் சாவுக்குத் தானே பக்கம் சொல்றான் பாரு. நேர்மைன்னா இதான் நைனா." செங்குட்டுவன் எழிலனின் தோளைத் தட்டினான்.

"அப்போ ராட்சசன் இன்னும் உசுரோட கீறானா?" என்றான் மணி.

"கீறான். டீ குடிச்சிட்டு சாவலாம். எழிலா, பிளாஸ்க்க எடு. வினிதா, நீயும் கெளம்பு. சொந்த ஆளையே சாச்சவங்க, பஜ்ஜி தூக்கினு வரக் கூடப் போவணும். அது இந்த வூட்டு ரூலு."

டீக்கடை எதிர்ப்பக்கம். துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஊர்ந்ததால், இருவரும் சாலையோரம் நின்றார்கள்.

"ரெண்டு வருஷம் வளர்த்த ஆளைக் கொன்னுட்டேன். சாரி எழிலன்." வினிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எழிலன் பிளாஸ்க்கைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "வுழுந்தது ரெண்டு இல்ல. பத்தொம்பது."

அவள் திகைத்துப் பார்த்தாள்.

"மூணு வாரமா நானும் வேணும்னே போய் ராட்சசனுங்கள கட்டிப் புரள்றேன் வினிதா. நீ குறியே தப்ப மாட்டேன்ற."