ஓடையில் விடும் பொட்டலம்

வீரம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே சிவப்புப் பூ.

"ஆத்தாளே டிக்கெட்டு வெட்டிட்டா. இனி என்னாங்க, கப்பலுதான்" என்று சிரித்தார் பூசாரி செல்லசாமி.

அவள் புருசன் மாயாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பூக்கட்டிக் கேட்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே அளவில் கிழித்த இரண்டு வாழையிலைத் துண்டுகள். ஒன்றில் சிவப்புப் பூ, மற்றதில் வெள்ளை. இரண்டுக்கும் ஒரே நூல், ஒரே முடிச்சு. கட்டிய கைக்கே எது எதுவென்று தெரியாதபடி தட்டில் குலுக்கி, மாரியம்மன் காலடியில் போட வேண்டும். மனசு கலங்கி நிற்பவர் ஒன்றை எடுக்க வேண்டும்.

சிவப்பு வந்தால் இந்தியாவுக்குப் போவது. வெள்ளை வந்தால் இந்தத் தோட்டத்திலேயே இருந்துவிடுவது.

மாயாண்டிக்குப் போக ஆசை. வீரம்மாவால் முடியாது. நாலு வயசு மகள் மீனம்மாவைப் புதைத்த இடம் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, தேயிலை ஓரத்தில் இருக்கிறது.

எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. சாமி சொல்லாத பதிலை மனுசர் பார்க்கக் கூடாது. எடுத்தவரே அதைக் கொண்டுபோய் ஓடையில் விட்டுவிட வேண்டும்.

வீரம்மா ஓடைக்கு இறங்கி, தண்ணீரோரக் கல்லில் நின்றாள்.

பிள்ளையை விட்டுவிட்டுப் போகச் சொல்லிவிட்டாளே ஆத்தா. வராமல் போன அந்த வெள்ளைப் பூவை ஒரு தடவை பார்த்துவிட்டாவது விடலாம் என்றிருந்தது. நூலைப் பல்லால் கடித்தாள்.

சிவப்புப் பூ.

காலையில் அவளைப் பூப்பறிக்க மட்டும் விட்டுவிட்டு, இரண்டு பொட்டலத்தையும் கட்டியவன் மாயாண்டி.

"விட்டாச்சா புள்ள? வெரசா வா" என்று அவன் மேட்டிலிருந்து கூப்பிட்டான்.

ஆத்தா போகச் சொல்லவில்லை. ஆத்தாவிடம் யாரும் கேட்கவே இல்லை.



மூன்று வருஷத்துக்கு முன் மீனம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்தபோதும் இங்கேதான் பூக் கேட்டார்கள். அடைமழை. சிவப்பு வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நடப்பது. வெள்ளை வந்தால் திருநீறு பூசி லயத்திலேயே வைத்துக்கொள்வது. வெள்ளை வந்தது. எல்லாம் ஆத்தா வாக்கு என்றுதான், பிள்ளையைப் புதைத்த பிறகும் அவள் இந்தக் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தாள்.

அன்றும் கட்டியவன் மாயாண்டிதான்.

அன்று எடுக்காத பொட்டலத்தை இதே கல்லில் நின்று, பிரிக்காமல், கும்பிட்டுத் தண்ணீரில் விட்டவள் அவள்.