பூசாமல் விட்ட இடம்

பனிக்காலம் தொடங்குமுன் கனகசபை வாசற்படியின் இரும்புக் கைப்பிடியைத் தேய்த்து, கறள் நீக்கி, கறுப்புப் பெயின்ற் அடித்தார். ஓர் உள்ளங்கை அகலத்தை மட்டும் தேய்த்து மினுக்கியதோடு விட்டுவிட்டார். மனைவி பவளம் படியிறங்கும்போதெல்லாம் பிடித்துப் பிடித்துப் பெயின்ற் போன இடம் அது. கோடையில் அவள் இறந்தபின் அங்கேயும் கறள் ஏறத் தொடங்கியிருந்தது.

"அதையும் பூசுங்கோ அப்பா. பனி உருகப் படிக்குப் போடுற உப்புப் பட்டா அதிலதான் கம்பி உக்கும்," என்றாள் மகள் சுகிர்தா.

"நெடுகப் பிடிச்சுக்கொண்டிருந்தா உக்காது."

அன்றிலிருந்து காலையில் வெளியே வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தைச் சற்றுநேரம் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கடுங்குளிர் இறங்கிய ஒரு காலை, கம்பியில் படிந்திருந்த பனியை வெறுங்கையால் வழித்துவிட்டு, ஈரம் துடைக்காமலே பிடித்தார். ஈரம் உறைந்து உள்ளங்கை இரும்போடு ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்த சுகிர்தா பதறிப்போனாள்.

"இழுத்துப்போடாதேங்கோ! தோல் உரிஞ்சு வந்திடும். இளஞ்சூட்டில தண்ணி கொண்டுவந்து ஊத்துறன்."

அவர் இழுக்கவில்லை. முதலில் விரல்கள் எரிந்தன. பிறகு கையே இல்லாததுபோல் ஆனது. உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"ஆறுதலா வா, பிள்ளை. அவசரமில்லை," என்றார்.