மறுபடியும் ஒரு படம்

"படம் எடுக்கப் போறது பிரேமாவுக்கு. நீ எதுக்குக்கா பட்டினி கெடக்குற?"

கலையரசனின் குரலில் சலிப்பு இருந்தது. அடுப்படியில் நின்றிருந்த வீரம்மாள் இட்லித் தட்டை மூடி வைத்தாள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட அக்கா அவள். அன்றிலிருந்து அந்த ஸ்ரீரங்கத்து வீட்டில் சமையல் அவள் பொறுப்பு.

திங்கட்கிழமை ஸ்கேன் சென்டரிலிருந்து போன் வந்ததிலிருந்து வீடு வீடாக இல்லை. கலையரசனின் கம்பெனியில், ஊழியர்களின் மனைவிமாருக்கு நாற்பது வயதுக்கு மேல் வருஷம் ஒரு தடவை இலவசப் பரிசோதனை உண்டு. போன வாரம் பிரேமலதாவின் முறை. மருத்துவக் கார்டில் அவன் நம்பர் இருந்ததால் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

"உங்க ஒய்ஃபோட மேமோகிராம்ல இடது பக்கம் ஒரு இடம் சரியாத் தெரியல சார். மறுபடி படம் எடுக்கணும், ஸ்கேனும் பாக்கணும். வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது பிரேமலதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா, குழம்புக் கரண்டியும் கையுமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளையும் சேர்த்துத் தேற்ற வேண்டியிருந்ததில் அவனுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அதன் பிறகு கலையரசன் ஆளே மாறிப்போனான். கல்யாணமான நாளிலிருந்து குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காதவன், மனைவியின் புடவைகளைத் துவைத்துக் காயப்போட்டான். சமயபுரத்தாளுக்கு மொட்டை நேர்ந்துகொண்டான். தலையில் மிச்சமிருந்ததே நாலு முடிதான். அதையும் மனதாரக் கொடுத்துவிடுவதாக வேண்டிக்கொண்டான்.

"வேற யாருக்காவது வந்திருந்தாலும் இப்படித்தான் பாத்துப்பீங்களா?" என்று பிரேமலதா ஒரு சாயங்காலம் கேட்டாள்.

"வேற யாருக்கு? உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அதே கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை காலையிலும் ஹார்லிக்ஸை ஆற்றிக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினான்.

"அண்ணிக்குக் குடுங்க," என்றாள் பிரேமலதா.

"நீ குடி மொதல்ல. அக்காவுக்கு என்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கா."

அவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தபோது காலி டம்ளர் அக்காவின் கையில் இருந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"அக்கா, நீ வீட்ல இரு. நாங்க போயிட்டு வந்துர்றோம்."

"அண்ணி வரலைன்னா நானும் வரல," என்றாள் பிரேமலதா. அவள் அப்படிக் கறாராகப் பேசி அவன் கேட்டதில்லை. பயத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டான்.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியது. ஆற்றில் மணல்தான் தெரிந்தது. பிரேமலதா அக்காவின் கையை இறுகப் பிடித்திருந்தாள். பிரேமா இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்த கலையரசன், சட்டைப்பையிலிருந்த கார்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"கார்டு இருக்கு. என்னன்னாலும் பாத்துக்கலாம்னு இவகிட்ட சொல்லுக்கா," என்றான்.

"பாத்துக்கலாம் பிரேமா," என்றாள் அக்கா, வெளியே பார்த்தபடி. அதற்கும் பிரேமலதா அழுதாள்.

தில்லை நகர் ஸ்கேன் சென்டரில் பெண்கள் பகுதிக்குத் தனிக் கதவு. நர்ஸ் லின்சி கார்டை வாங்கிக்கொண்டாள்.

"ஆம்பளைங்க இங்கயே உக்காருங்க. லேடீஸ் ரெண்டு பேரும் உள்ள வாங்க."

கதவு மூடிக்கொண்டது. பின்னால் வந்தவர்கள்கூடப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மாரியாத்தா, மாரியாத்தா என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். வேறு எதுவும் வரவில்லை.

ஒருவழியாகக் கதவு திறந்தது. லின்சியின் முகம் சரியில்லை.

"சார், ஸ்கேன்ல கட்டி தெரியுது. ஊசி போட்டு சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்னு டாக்டர் சொல்றாங்க. நீங்க கையெழுத்து போடணும். பிரேமலதா மேடம் தைரியமாத்தான் படுத்திருக்காங்க. கூட வந்தவங்கதான் ஒரே அழுகை. உள்ள போய் ரெண்டு வார்த்தை சொல்லுங்க, நான் பேப்பர் எடுத்துட்டு வரேன்."

அக்காவைக் கூட்டி வந்ததே தப்பு என்று நினைத்துக்கொண்டான். மனைவி பார்த்துவிடக் கூடாதென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

திரைக்கு வெளியே ஒரு ஸ்டூல். அதில், அக்காவின் புடவையை மடியில் வைத்துக்கொண்டு, பிரேமலதா தேம்பிக்கொண்டிருந்தாள்.

"கார்டுல அண்ணி பேரைச் சேக்க முடியாதுன்னீங்க. மாருல ஏதோ நெருடுதுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க. அதான் போன வாரமே என் முறையில அவங்கள அனுப்பிட்டேங்க. வெளிய தெரிஞ்சா உங்க வேலை போயிரும்னு, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

திரைக்கு அந்தப் பக்கம், பச்சை கவுனில் படுத்திருந்த வீரம்மாள் மெல்லத் தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தாள்.

"அழாதடா தம்பி," என்றாள். "உன் பொண்டாட்டிக்கு ஒண்ணுமில்ல."