ஆறுதல் சொல்ல வந்த மூப்பர்

ஆறுதல் சொல்வதில் சபை மூப்பரை அடித்துக்கொள்ள ஆளில்லை. யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். சபைக்குப் புதிதாக வந்த தம்பி படியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டார்.

“எதுக்குத் தம்பி முகம் வாடுது? காரணமில்லாம ஒரு எலும்பைக்கூட கர்த்தர் உடைய விடமாட்டார்.”

“சரிங்கய்யா. ஆனா என் வேலை...”

“நீங்க இல்லாட்டி வேற ஆளை வச்சு நடத்திக்குவார். விசுவாசம் வேணும்!”

தம்பியின் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு காபி நீட்டினாள்.

“எனக்கே அடுத்த வாரம் இருதய ஆபரேஷன். மருமகன் யாரோ பெரிய டாக்டரைப் பிடிச்சிருக்கான். நான் பயந்தேனா?” மூப்பர் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

தம்பி தயங்கினார். “ஐயா, அந்த டாக்டர் நான்தான். உங்க ஃபைலைப் பார்த்துதான் பேஷண்ட் நீங்கன்னு எனக்கே தெரிஞ்சுது. இனி என் ஜூனியர்தான் பண்ணுவார். அவர் தனியா பண்ற முதல் ஆபரேஷன்.”

காபி வேட்டியில் கொட்டியதுகூட மூப்பருக்குத் தெரியவில்லை. கட்டிலருகே முழங்காலில் விழுந்து, கட்டுப் போட்ட கையைப் பற்றிக்கொண்டார்.

“கர்த்தாவே, இந்தக் கையை இந்த நிமிஷமே சொஸ்தமாக்கும்!”

ஜெபம் வெகுநேரம் நீண்டது. அவர் வழக்கமாகச் சேர்க்கும் ‘உமக்குச் சித்தமானால்’ என்ற வார்த்தை மட்டும் கடைசிவரை அதில் வரவேயில்லை.