அளவுச் சட்டை

தையல்காரர் தன் மேல்தாடையைக் கீழே போட்டு உடைத்தார்.

அசல் தாடை வாயிலேயே பத்திரமாக இருந்தது. உடைந்தது, பல் டாக்டரம்மாவின் மேசையிலிருந்த பிளாஸ்டர் அச்சு. பத்து வருடங்களுக்கு முன், ஆபரேஷன் புண் ஆறியதும் எடுத்தது. அளவுச் சட்டை மாதிரி. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் தூக்கிப் பார்த்தார், நழுவிவிட்டது.

நட்டநடுவில் பிளந்து கிடந்தது. அன்றைக்கு எலும்பை அறுத்த அதே கோட்டில்.

"நல்லவேளை, இதுக்கு மயக்க ஊசி தேவைப்படல" என்றார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி வழக்கம்போலத் தூங்கி விழுந்துகொண்டிருந்தாள்.

அந்தக் காலத்தில் அவர் அண்ணம் ஊசிக்காது போலக் குறுகல். நாக்குக்கு இடம் போதாமல், தூக்கத்தில் பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். ஒருநாள் நின்ற மூச்சு திரும்பி வராமலே போகலாம் என்று சொல்லித்தான் அறுத்தார்கள். அறுத்த இடத்தில் ஒரு திருகாணியை மாட்டினார்கள். தினமும் சாவி போட்டு அதைத் திருகி, அண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தியவள் மனைவிதான்.

அகலம் நிலைக்க, ராத்திரியில் ஒரு பிளேட்டை மாட்டிக்கொண்டு தூங்கச் சொல்லியிருந்தார்கள். நாலாம் வருடம் அதன்மேல் உட்கார்ந்தார். அத்தோடு பிளேட்டும் போயிற்று, அதைப் பற்றிய பேச்சும் போயிற்று. ஒரு தடவை நனைத்துக் காயவைத்த துணி மறுபடி சுருங்காது என்பது அவர் கட்சி.

டாக்டரம்மா அச்சைச் சேர்த்துப் பிடித்து அளந்தார். பிறகு அவர் வாயை அளந்தார். பிறகு இன்னொரு தடவை.

வாடிக்கையாளரிடம் சொல்லச் சங்கடமான அளவு வந்தால், தையல்காரரும் இப்படித்தான் டேப்பை இரண்டாம் தடவை வைப்பார்.

"எவ்வளவு சுருக்கம், டாக்டரம்மா?"

"எலும்பு அவ்வளவா நகரல. பல்லுதான் உள்ள சாஞ்சிருக்கு. உங்க கழுத்தும் பருத்திருக்கு. ராத்திரி தூக்கம் எப்படி?"

"குறட்டையா? மூச்! அடிதான் விழுது."

அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. மனைவி தூக்கத்தில் முழங்கையால் விலாவில் இடிப்பதை நடித்தே காட்டினார். பகலெல்லாம் பஸ்ஸில் தூங்குவாள், பால் பொங்கி வழிய அடுப்படியில் தூங்குவாள், கும்பகர்ணனே கும்பிடு போடுவான் என்றார். "நேத்துதான் அதிசயமா ஒரு அடிகூட விழல. காலையில தலைதான் விண்ணுன்னு வலிச்சுது."

வந்ததும் நிரப்பச் சொல்லிக் கொடுத்திருந்த படிவத்தில் 'தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா?' என்ற கேள்விக்கு, 'இல்லை' என்ற கட்டத்தில் பட்டையாக டிக் போட்டு நீட்டினார்.

டாக்டரம்மா அதை வாங்கவில்லை. மனைவியின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

மனைவி விழித்துத்தான் இருந்தாள். பதிலைக் கணவரைப் பார்த்துச் சொன்னாள்.

"குறட்டை இருக்குங்க. அது இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்ல. நின்னாதான் முழிச்சுக்குவேன். இருபது எண்ணுவேன். மூச்சு வரலன்னா இடிப்பேன்."

தையல்காரரின் கை தானாக விலாவுக்குப் போனது. சிரிக்கப் பார்த்தார்.

"நேத்து இடிக்கலையே? அப்ப நேத்து நிக்கலதானே?"

அவள் உடைந்த அச்சின் ஒரு பாதியை எடுத்து, மறுபாதியோடு ஒட்டி வைத்தாள்.

"நேத்து நான் தூங்கிட்டேங்க."