மூன்று தட்டு

கோவிந்தன் சுவரை மூன்று தட்டு தட்டினார். போலந்திலும் பெருவிலும் கென்யாவிலும் கண்களை மூடிக்கொண்டார்கள்.

"ஆரம்பிச்சாச்சா?" சமையலறையிலிருந்து குணசுந்தரி கேட்டாள். "அந்தாண்ட கூடப் பொறந்த அண்ணன் மூச்சுக்குத் தவிக்கறாரு. இந்தாண்ட தம்பி உலகத்துக்கு உபதேசம் பண்றாரு!"

"அம்மா, லைவ் போவுது" என்றான் ராகேஷ்.

"போவட்டுமே. அதுல யாருக்குடா தமிழ் தெரியும்?"

நியாயமான கேள்விதான். கோவிந்தன் தமிழில் பேசுவார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் ராகேஷ் அதைக் கூடவே ஆங்கிலத்தில் எழுதிப் போடுவான். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஆயிரத்து இருநூறு பேர் வந்துவிடுவார்கள். பெருவின் நர்ஸும் கென்யாவின் டாக்ஸி டிரைவரும் இப்போது ஒருவருக்கொருவர் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். அவ்வளவு நெருக்கம்.

சேனலின் பெயர் 'சுவரில்லா வீடு'.

வீட்டில் சுவர் இருந்தது. ஒன்பது அங்குலம். சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் முனியப்பன். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் அண்ணன் கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போவார். கீழிருந்து எத்தனை மணி அடிக்கிறது என்று எண்ணி, மேலே நின்று கேஜை இறக்கி ஏற்றுவது தம்பி. சுரங்கம் மூடியதும் தம்பி பெங்களூரில் காவலாளி ஆனார். சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் தத்துவம் படித்தார். அண்ணன் நெஞ்சு நிறையக் கல்தூசியோடு வீட்டில் தங்கினார்.

பதினோரு வருடத்துக்கு முன் முனியப்பன் கட்டிய குளியலறை தம்பி பக்கம் ஒன்றரை அடி தள்ளி வந்துவிட்டது. "இனிமே என் முகத்துல முழிக்காதே" என்றார் அண்ணன். "நீயும்தான்" என்றார் தம்பி.

மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே தூரமே இல்லை என்று தினமும் பேசுகிறவர், பத்தடி நடந்து பக்கத்து வாசலுக்குப் போனதில்லை.

"நான் காலைல கஞ்சி குடுத்துட்டு வந்தேன்" என்றாள் குணசுந்தரி. "உதடெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்குது. அவரு பொண்ணு ஷில்பா பங்காருபேட்டைல கடைய முடிச்சுட்டு ஏழு மணிக்குத்தான் வருவா. ஒரு எட்டு பாத்துட்டு வந்தா உங்க தத்துவம் கரைஞ்சா போவும்?"

கோவிந்தன் காதைச் சுவரோடு வைத்திருந்தார்.

வழக்கமாக அவர் தட்டியதும் சுவரிலிருந்து அதே மூன்று தட்டு திரும்பி வரும். எதிரொலி. அப்புறம்தான் பேச்சு. அந்த மூன்றும் நேற்று, இன்று, நாளை என்பது பெரு நர்ஸின் கண்டுபிடிப்பு. பிரபஞ்சம் பதில் சொல்கிறது என்று போலந்துப் பேராசிரியை பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். கோவிந்தன் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. அதையும் அடக்கம் என்றார்கள்.

இன்று எதிரொலி வரவில்லை.

மறுபடி தட்டினார். காத்திருந்தார்.

"அப்பா, ஆரம்பிங்க. எல்லாரும் வெயிட் பண்றாங்க."

"இரு."

ராகேஷ் போனைப் பார்த்தான். "போலந்து மேடம் எழுதறாங்க, இன்னைக்கு மௌனமே பாடமாம். ஒரே ஹார்ட்டா வந்து கொட்டுது."

"பாடமா? உங்கப்பன் மூஞ்சியப் பாருடா. வேர்த்து ஊத்துது."

மூன்றாம் முறை தட்டினார். முஷ்டியால். காரை உதிர்ந்தது.

சட்டென்று எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்.

"எங்கப்பா போறீங்க? லைவ் ஓடுது!"

"முகத்துல முழிக்காதேன்னாரே உங்க அண்ணன்!" என்றாள் குணசுந்தரி.

"பொணமானா முழிச்சுத்தானே ஆவணும்? அதுக்கு முன்னாடி முழிக்கறேன்."

செருப்புகூடப் போடவில்லை. போன், காலிச் சுவரைக் காட்டிக்கொண்டு நின்றது. ஆயிரத்து இருநூறு பேரும் பக்தியோடு அதைப் பார்த்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம். ஒரு நீண்ட இருமல். அதன் பின்னால் முனியப்பனின் குரல்:

"இப்ப இன்னாத்துக்குடா வந்த? கைய தூக்க முடியல, அதான் திருப்பித் தட்டல. ஒருநாளு தட்டாததுக்கு பேச்ச வுட்டுட்டு ஓடியாருவியா?"

"மாத்திர எங்கண்ணே வெச்சிருக்க?"

"அலமாரில. ஏன்டா, நேத்து பாதில வுட்டியே, அந்த 'நான் யாரு' கத... அது இன்னா ஆச்சு?"

குணசுந்தரி அடுப்பை அணைத்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு தம்ளரில் கஞ்சியை ஊற்றினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு கேட்டது.

போனில் இதயங்கள் பொங்கின. "அம்மா, போலந்து மேடம் கேக்கறாங்க. இந்த மூணு தட்டுக்கு உண்மையில இன்னா அர்த்தம்?"

கஞ்சித் தம்ளரோடு வாசலில் இறங்கியவள் திரும்பினாள்.

"கேஜுல மனுஷன் இருக்கான், பதமா தூக்குன்னு அர்த்தம். எழுதுடா."