கடைசிச் சேலை

1943. பம்பாய் மாட்டுங்காவில் அண்ணாச்சியின் துணிக்கடை. சாயங்கால வெயில் காலி அலமாரிகளில் விரித்த பழைய செய்தித்தாள்மேல் விழுந்து கிடக்கிறது. மிச்சமிருப்பது ஒரே ஒரு நூல் சேலை. அதன் ஒரு முனை தாராவியிலிருந்து வந்த தங்கமயிலின் கையில், மறுமுனை குமாஸ்தா வாஞ்சீஸ்வரனின் கையில். "போன வருசம் அஞ்சு ரூவா, இப்ப ஒம்பது" என்கிறார் அண்ணாச்சி. தங்கமயில் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். "மவளுக்குத் தலைப்பிரசவம் அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்கு மாத்துச்சேலை இல்ல." வாஞ்சீஸ்வரன் வீட்டில் சேலைக்குக் குறைவில்லை. ஆனால் நாளைக்கு இது பதினைந்தாகிவிடும். பஞ்சப்படியாக வந்த புது நோட்டுகள் சட்டைப்பையில் மொடமொடக்கின்றன. "நான் பன்னெண்டு தரேன்" என்கிறார். காலையில்தான் ஆபீஸில், நோட்டுப் புழக்கம் மளமளவென்று ஏறுவதையும் சரக்கு உற்பத்தி படுத்தே கிடப்பதையும் இரண்டு கோடுகளாக வரைந்து, "யுத்தச் செலவுக்கு நோட்டை அடிச்சுண்டே போறா. துணி அதே துணிதானே, விலை ஏறாம என்ன பண்ணும்?" என்று சகாக்களுக்கு விளக்கி மெச்சப்பட்டிருந்தார். இப்போது காது மடல் சுடுகிறது. அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்க்காமல் பன்னிரண்டை வாங்கிக்கொள்கிறார். தங்கமயில் சண்டை போடவில்லை. சேலையைத் தூசி தட்டி, கரையோடு கரை சேர்த்து மடித்து, இரு கைகளாலும் நீட்டுகிறாள். "வீட்டம்மாவுக்கு நல்லாருக்கும் சாமி." 'வேண்டாம், நீயே வச்சுக்கோ' என்பது அவர் நாக்கு நுனிவரை வருகிறது. அதற்குள் கை நீண்டுவிடுகிறது.